கல்லிடைக்குறிச்சியில் மலையேறிய ஆறு

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரயில் திருநெல்வேலி சந்திப்பில் நின்றது. இறங்கியது மூன்று பேர்: நான், கணவர் ஜெபராஜ், ஒன்பது வயது மகள் லில்லி. பெட்டிகளை ஜெபராஜ் தூக்கிக்கொண்டார். தோளில் மாட்டியிருந்த துணிப்பையை மட்டும் நான் யாரிடமும் கொடுக்கவில்லை. அதில் என் புத்தகம் இருந்தது. அச்சுக்குப் போகுமுன் சரிபார்ப்பதற்காகப் பதிப்பகத்தில் எடுத்துத் தரும் ஒற்றைப் பிரதி.

எனக்குப் படம் வரைவது தொழில். பதினோரு வருடமாக அடுத்தவர் எழுதிய கதைகளுக்கு யானையும் முயலும் ராஜகுமாரியும் வரைந்து கொடுத்திருக்கிறேன். என் பெயர் எப்போதும் கடைசிப் பக்கத்தில், அச்சக முகவரிக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில் வரும். ஒரு தடவை அதுவும் விட்டுப்போயிற்று. கேட்டதற்கு, "இடம் பத்தலைங்க மேடம்" என்றார்கள். இந்தப் புத்தகம் அப்படியில்லை. கதையும் நானே, படமும் நானே, எழுத்துகளைக் கையால் எழுதியதும் நானே. முதல் பக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான்: வசந்தி. சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே கிடையாது.

கதை சின்னதுதான். பாபநாசத்தில் ஒரு சிறுமியின் செருப்பு தாமிரபரணியில் விழுந்து, ஊர் ஊராக மிதந்து, கடலுக்குப் போய்ச் சேருகிறது. இருபத்துநான்கு பக்கம். வேடிக்கை என்னவென்றால், நான் அந்த ஆற்றோடு போனதே இல்லை. ஜெபராஜுக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருவேன், அவர் அண்ணன் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ரயிலேறிவிடுவேன். ஆற்றைப் புகைப்படங்களைப் பார்த்தே வரைந்து முடித்தேன். காலாண்டு விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று லில்லி கேட்டபோது, "உன் செருப்பு போன வழியில்" என்றேன். புத்தகத்தில் வரும் சிவப்புச் செருப்பும் அதன் மஞ்சள் வாரும் அவளுடைய பழைய செருப்பைப் பார்த்து வரைந்தவை. அவள் ஒரு நிபந்தனை போட்டாள். நான் வேலை செய்யும் டேப்லெட் வீட்டிலேயே இருக்கவேண்டும், இது விடுமுறை. சரி என்று சத்தியம் செய்து கொடுத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை எட்டரைக்கு வாடகைக் கார் வந்தது. இரண்டு நாளுக்கு ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய், டீசல் உட்பட. ஓட்டுநர் பெயர் சுடலைமுத்து. அல்வாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்போவதில்லை, எழுதுவதற்கு ஏற்கெனவே ஊரே இருக்கிறது. சேரன்மகாதேவி வழியாகக் கல்லிடைக்குறிச்சி ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர், அங்கிருந்து மணிமுத்தாறு அணை பத்துக்குள். அணையைத் தாண்டி வனத்துறைச் சோதனைச் சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டு, பதினொன்றரைக்கு அருவியில் நின்றோம்.

தண்ணீர் மண்டையில் அடித்தபோது மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். ஜெபராஜின் மூக்குக்கண்ணாடி போயே போயிற்று என்று நினைத்தோம். பார்த்தால் அவர் சட்டைக்குள்ளேயே இருந்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு விளையாட்டு உண்டு. எங்கே போனாலும் மூன்று பேரும் ஒரே காட்சியை ஐந்து நிமிடத்தில் வரையவேண்டும். மூன்று படங்களையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் காட்டுவோம். அவர் கைகாட்டும் படத்துக்காரர்தான் அடுத்த வேளை எங்கே, என்ன சாப்பிடுவது என்று முடிவு செய்வார். அருவிக் கரையில் பாறைமேல் உட்கார்ந்து வரைந்தோம். என் அருவி பிரமாதமாக வந்தது. ஜெபராஜின் அருவி, துணிக்கடையில் தொங்கும் வேட்டி மாதிரி இருந்தது. லில்லி அருவியை வரையவே இல்லை. குளிக்கப் போனவர்கள் கழற்றிப் போட்டிருந்த செருப்புக் குவியலை வரைந்து, வண்ணமும் தீட்டி, எல்லாவற்றுக்கும் மேலே தன் பழைய சிவப்புச் செருப்பை வைத்திருந்தாள்.

"ஏய், அருவி எங்கடி?" என்றேன்.

"அருவியை எல்லாரும் வரைவாங்கம்மா."

நடுவர் சுடலைமுத்து. மூன்றையும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "யக்கா, கோவிச்சுக்கிடாதிய. பாப்பா போட்டதுதான் படம். அந்தா கெடக்கு பாருங்க ரப்பர் செருப்பு, அது என்னோடது." அன்று மத்தியானம் லில்லியின் விருப்பப்படி பரோட்டாவும் சால்னாவும். தோற்றவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள் என்பதையும் பதிவு செய்கிறேன். இரவு தங்கியது அம்பாசமுத்திரத்தில், ஆயிரத்து இருநூறு ரூபாய் அறையில்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கல்லிடைக்குறிச்சி படித்துறை. என் புத்தகத்தின் நடுப்பக்கம், அதாவது பன்னிரண்டும் பதிமூன்றும் சேர்ந்த இரட்டைப் பக்கம், இந்த இடம்தான். எத்தனையோ புகைப்படங்களில் பார்த்த படிகளை நேரில் மிதித்தபோது, தெரிந்தவர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. காலாண்டு விடுமுறைப் பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அக்கரையில் தென்னைகள். இடப்பக்கம் மலை, தலையில் கொஞ்சம் மேகத்தோடு.

கீழ்ப்படியில் ஒரு பெண்மணி நீள நீளமான வெள்ளைத் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அப்பளம் காயப்போடும் துணிகள் அவை, பெயர் இசக்கியம்மாள் என்பதெல்லாம் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அவர் வீட்டில் அப்பளம் போடுகிறார்கள்.

"எங்கருந்து வாரிய?"

"சென்னைங்க."

"அம்புட்டுத் தூரத்துலருந்து வந்து வெயில்ல உக்காந்து படமா போடுதிய?"

பெருமை பொங்கிவிட்டது. பையிலிருந்து பிரதியை எடுத்து, "இது உங்க ஆத்தைப் பத்தி நான் போட்ட புத்தகம். திங்கட்கிழமை அச்சு ஆகுது" என்று நீட்டினேன். அவர் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நடுப்பக்கத்தில் நின்றார்.

"இது எங்க படித்துறையா?"

"ஆமா!"

"படி சரி. அரசமரமும் சரி. இந்தப் பொம்பள எந்த ஊர்க்காரி?"

"இந்த ஊர்தான். துணி துவைக்க வந்திருக்காங்க."

"பெறவு ஏன் முந்தானைய வலது தோள்ல போட்டிருக்கா?"

பார்த்தேன். வலது தோளில்தான் இருந்தது. ஆனாலும் நான் சும்மா விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "அக்ரகாரத்துல மடிசார் கட்டுறவங்க வலது தோள்ல போடுவாங்களே" என்றேன், படித்த தோரணையில்.

"அது மாமிமாரு கட்டுதது. இது மடிசாரா? நான் கட்டியிருக்க மாதிரி சேலைல்லா இது?" என்றவர், இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "துவைக்கதும் இடது கையால துவைக்கா. இங்கன பாருங்க, சைக்கிள்காரனுக்குச் சங்கிலியும் இடப்பக்கம் இருக்கு. சரி, அத விடுங்க, அது அவங்க பாடு. ஆறு எதுக்கு மலைக்கு ஏறுது?"

நிமிர்ந்து நிஜ ஆற்றைப் பார்த்தேன். மலை இடப்பக்கம், தண்ணீர் வலப்பக்கமாக ஓடுகிறது. குனிந்து என் ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் அதே மாதிரி வலப்பக்கம்தான் ஓடுகிறது. ஆனால் மலையும் வலப்பக்கம் இருந்தது. செருப்பு பொதிகையை நோக்கிக் கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தது.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். படம் வரைகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரைந்ததையே பார்த்துக்கொண்டிருந்தால் கோணல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்ப்போம். இடம் வலமாக மாறியதும் தப்பு பளிச்சென்று தெரியும். டேப்லெட்டில் இப்போது அதற்கு ஒரு தட்டு தட்டினால் போதும். நான் தட்டியிருக்கிறேன். படத்தில் நின்ற மாட்டின் பின்னங்கால் கோணல் என்று கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கிறேன். திரும்பத் தட்டி நேராக்க மறந்துவிட்டேன். திரும்பிக் கிடந்த படத்தின் மேலேயே ஆற்றின் அலையையும், அலைமேல் வளைந்து வளைந்து போகும் கதை வரிகளையும், செருப்பையும் இடமிருந்து வலமாக வரைந்து முடித்திருக்கிறேன். இனி அந்தப் பக்கத்தை மறுபடி திருப்பினால் மலை சரியாகும், எழுத்தெல்லாம் கண்ணாடி எழுத்தாகிவிடும், ஆறும் இடப்பக்கம் திரும்பி மறுபடி மலைக்கே ஏறும்.

பத்து நாற்பதுக்குப் பதிப்பாசிரியர் ரேவதிக்குப் போன் செய்தேன்.

"அடுக்கடுக்கா வரைஞ்ச மூலப்படம் உன் டேப்லெட்லதானே இருக்கு? அதை அனுப்பு, எழுத்தையும் ஆத்தையும் தனியாப் பிரிச்சுட்டு மத்ததை மட்டும் திருப்பிக்கலாம்" என்றார்.

"டேப்லெட் தாம்பரத்துல, பூட்டின வீட்டுக்குள்ள. சாவி இங்கே, என் கைப்பையில."

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு எல்லாப் பக்கமும் அச்சகத்துக்குப் போயாகணும் வசந்தி. தவறினா அவங்க தீபாவளி வேலையில மூழ்கிடுவாங்க, நம்ம புத்தகம் பொங்கலுக்கு அப்புறம்தான். பேசாம விட்டுடேன். குழந்தைங்க புத்தகம், யாரு கவனிக்கப் போறாங்க?" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. நான் பார்க்கவில்லை, ரேவதி பார்க்கவில்லை, பிழை திருத்தியவரும் பார்க்கவில்லை. போனை வைத்துவிட்டு, "யாரும் கவனிக்க மாட்டாங்களாம்" என்றேன்.

லில்லி இசக்கியம்மாளைக் காட்டினாள். "அவங்க கவனிச்சுட்டாங்களேம்மா."

அவர் துணியைப் பிழிந்துகொண்டே, "ஏன், நாங்கல்லாம் புத்தகம் பாக்க மாட்டமாக்கும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. அவர் ஊர் ஆற்றைப் பற்றி அவர் ஊரில் யாரும் திறக்க மாட்டார்கள் என்று நம்பி ஒரு புத்தகத்தை அச்சடிக்கப் பார்த்தேன். முதன்முதலாக என் பெயர் ஒழுங்காக வரும் புத்தகம், அதில் ஆறு மலையேறுகிறது. சே!

ரேவதியைத் திரும்பக் கூப்பிட்டேன். "அஞ்சு மணிக்குள்ள புதுசா வரைஞ்சு அனுப்புறேன்."

"எதுல வரைவே?"

"கையால. எனக்குக் கை இருக்கு."

சவாலாகச் சொல்லிவிட்டேனே தவிர, கையில் இருந்தது விளையாட்டுக்குக் கொண்டுவந்த வண்ணப்பெட்டி மட்டும்தான். ஓவிய நோட்டில் இரண்டு பக்கத்தைச் சேர்த்து விரித்தேன். பதினொன்று ஐந்துக்குப் பென்சில் வைத்தேன். ஜெபராஜ் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நின்றார். மூன்றரை மணி நேரம் நின்றார். கணக்கு வாத்தியார், வகுப்பில் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள். "கை மரத்துப் போச்சு வசந்தி" என்று இரண்டு தரம் சொன்னார். "அடுத்த கைக்கு மாத்துங்க" என்று இரண்டு தரமும் சொன்னேன். லில்லி தூரிகைகளை ஆற்றில் கழுவிக் கழுவிக் கொடுத்தாள். ஆற்றைத் தொட்டே ஆற்றை வரைந்தேன் என்று பின்னால் பெருமையடித்துக்கொள்ளலாம். அப்போது அதற்கெல்லாம் நேரமில்லை.

நான் பார்த்து வரைவதற்கு இசக்கியம்மாளே நின்றார். முந்தானையை இடது தோளில் இழுத்துச் செருகி, வலது கையில் துணியை ஓங்கினார். "போட்டோ எடுக்க மாதிரி வெறைச்சுகிட்டு நிக்கணுமா? பைய அசைஞ்சா தப்பா?"

"அசைங்க, அசைங்க. சும்மா துவைங்க."

"கொஞ்சம் ஒல்லியாப் போடுங்க."

"பொய்யா வரையக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடு!"

"ஆறு பொய்யா இருக்கக் கூடாது. எனக்கு அதெல்லாம் கெடையாது" என்றார். ஒல்லியாகவே வரைந்தேன்.

நடுவில் வீட்டுக்குப் போய்த் துணிகளைக் காயப்போட்டுவிட்டு, ஒரு மணிக்குத் தூக்குவாளியில் புளிசாதமும் பொரித்த அப்பளமும் கொண்டுவந்தார். இரண்டு கையிலும் வண்ணம். லில்லி எனக்கு ஊட்டிவிட்டாள். "ஏட்டி, அம்மைக்கு அப்பளத்த நொறுக்கிக் குடு, படத்துல விழுந்துராம" என்று அவர் பக்கத்திலிருந்தே கவனித்துக்கொண்டார்.

இரண்டு முப்பத்தைந்துக்கு முடிந்தது. கதை வரிகளை அலைமேல் எழுதிவிட்டு எழுந்தபோது முட்டி இரண்டும் பிடித்துக்கொண்டன. இசக்கியம்மாள் நோட்டைக் கையில் வாங்காமல், எட்ட நின்று, ஆற்றையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்பதான் தண்ணி ஒழுங்காப் போவுது" என்றார். எந்த விருதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்திருக்காது. எந்த விருதும் கிடைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

பாலத்தைத் தாண்டி அம்பாசமுத்திரத்துக்குள் நுழைய மூன்றேகால் ஆயிற்று. சனிக்கிழமை, இரண்டு ஜெராக்ஸ் கடைகள் பூட்டியிருந்தன. மூன்றாவது கடையைச் சுடலைமுத்துதான் கண்டுபிடித்தார். அங்கேயும் மின்சாரம் இல்லை, நான்கு மணிக்குத்தான் வந்தது. கடைக்கார அண்ணாச்சி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்கேன் இயந்திரம் சின்னது, இரட்டைப் பக்கம் கொள்ளாது.

"நடுவுல கிழிச்சிருவமா?"

"கைய எடுங்க அண்ணாச்சி!" நான் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

பாதி பாதியாக இரண்டு தடவை எடுத்தோம். ஒரு பக்கத்துக்கு இருபது ரூபாய். நாலு முப்பத்தொன்றுக்கு ரேவதிக்கு அனுப்பிவிட்டு, பக்கத்துக் கடையில் பன்னிரண்டு ரூபாய்த் தேநீரைக் கையில் வாங்கினேன். ஒரு வாய் குடித்திருப்பேன், போன் அடித்தது. மணி நாலு நாற்பத்து நாலு.

"ரொம்ப அழகா இருக்கு வசந்தி. பழசைவிட நூறு மடங்கு நல்லா இருக்கு" என்றார் ரேவதி. "ஒண்ணே ஒண்ணு. செருப்பு எங்கே?"

கண்ணெதிரே இருந்ததை எல்லாம் வரைந்தேன். ஆற்றில் செருப்பு இல்லை. நானும் வரையவில்லை. செருப்பின் கதையில் நடுப்பக்கத்தில் செருப்பே கிடையாது! பழைய பக்கங்களில் எல்லாம் அது பாதி அலைக்குள் முங்கிக் கிடந்தது, வெட்டி எடுக்க வராது.

வண்ணப்பெட்டியைத் திறந்தேன். மிச்சம் பதினைந்து நிமிடம். முதல் செருப்பு கத்திரிக்காய் மாதிரி வந்தது. இரண்டாவதைப் பற்றிச் சொல்லமாட்டேன். மணி நாலு ஐம்பது. ஜெபராஜ் லில்லியின் பையிலிருந்து அவள் நோட்டை எடுத்து, மணிமுத்தாற்றுப் பக்கத்தைத் திறந்து என்முன் வைத்தார். செருப்புக் குவியலின் உச்சியில், மஞ்சள் வாரோடு, சிவப்புச் செருப்பு. அதை மட்டும் வெட்டியெடுத்து ஆற்றில் வைப்பது ரேவதிக்கு இரண்டு நிமிட வேலை.

கையை நீட்டினேன். லில்லி நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"கிழிக்க மாட்டேன்னு சொல்லு."

"கிழிக்க மாட்டேன். ஸ்கேன்தான்."

"என் பேர் போடணும்."

"போடுறேன்டி, குடு!"

"கடைசிப் பக்கத்துல எறும்பு மாதிரி போடக் கூடாது."

அந்த வார்த்தை என்னுடையது. பதினோரு வருடமாக வீட்டில் நான் புலம்பியதை அவள் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்திருக்கிறாள். நாலு ஐம்பத்து மூன்றுக்குச் செருப்பு ஸ்கேன் ஆகி ரேவதிக்குப் போயிற்று. கூடவே போன் செய்தேன்.

"முதல் பக்கத்துல ஒரு வரி சேர்க்கணும். எழுத்தும் படங்களும் வசந்தி. அதுக்குக் கீழே, நடுப்பக்கச் செருப்பு லில்லி."

"கடைசிப் பக்கத்துல நன்றின்னு சின்னதா போட்டுடவா? முதல் பக்கத்துல உன் பேர் மட்டும்னு எவ்வளவு சண்டை போட்டே!"

"முதல் பக்கம்தான். என் பேர் எந்த அளவோ அதே அளவு."

நாலு ஐம்பத்தெட்டுக்கு 'போயாச்சு' என்று ரேவதியிடமிருந்து செய்தி வந்தது. அண்ணாச்சி அறுபது ரூபாய் கேட்டார். "பாப்பா படத்துக்கு மட்டும் காசு வேண்டாம்" என்று இருபதைத் திருப்பிக் கொடுத்தார்.

சனி இரவே திருநெல்வேலி திரும்பி, ஞாயிறு காலை பஸ்ஸில் ஸ்ரீவைகுண்டம் போனோம், திருநெல்வேலியிலிருந்து முப்பது கிலோமீட்டர் போல. அணைக்கட்டில் நின்று இருபதாம் பக்கத்தைத் திறந்து, ஆற்றையும் படத்தையும் இசக்கியம்மாள் மாதிரியே மாறி மாறிப் பார்த்தேன். சரியாகத்தான் ஓடியது. வாழைத் தோப்புகளும் இருந்த இடத்தில் இருந்தன. அப்புறம்தான் மூச்சு வந்தது. மத்தியானம் பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டில் சாப்பாடு. நடந்ததை ஜெபராஜ் எல்லோருக்கும் நடித்தே காட்டினார், குடை பிடித்த பகுதியை மட்டும் சற்று நீளமாக.

மாலை ரயில் கிளம்பும்போது லில்லி ஜன்னலோரம். சென்னையில் என் மேசைக்கு எதிரே பெரிய கண்ணாடி ஒன்று மாட்டியிருக்கிறேன், தப்புக் கண்டுபிடிப்பதற்காக. அது படத்தைத் திருப்பிக் காட்டும். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. அடுத்த புத்தகத்துக்கு ஊருக்குப் போய்விட்டுத்தான் பென்சிலைத் தொடுவது என்று ரயிலிலேயே அறிவித்தேன். "எந்த ஊர்னாலும் குடை உன் பொறுப்பு" என்றார் ஜெபராஜ்.

கோவில்பட்டி வருவதற்குள் ரேவதி முதல் பக்கத்தை அனுப்பினார். மேலே என் பெயர், கீழே அவள் பெயர். லில்லி தன் பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்துப் போன் திரைமேல் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு அளந்தாள். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, ஸ்கேலை என் மடியில் போட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

அவள் நன்றாகத் தூங்கிவிட்டாள் என்று தெரிந்தபிறகு, நானும் ஒருமுறை அளந்து பார்த்தேன். என்னுடையது குறையவில்லை.